கார்த்தியின் முதல் கார்

கார்த்தி: மாமா, வேளச்சேரியில் ஒரு ஸ்விஃப்ட் பார்த்திருக்கிறேன். 2019 மாடல், ஒரே ஓனர். அட்வான்ஸ் கொடுத்துவிடட்டுமா?

மாமா: அவசரப்படாதே கார்த்தி. அந்தப் பக்கத்து வண்டி என்றால் தண்ணீர் ஏறியதா என்று முதலில் பார். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் அங்கே எத்தனை கார்கள் மூழ்கின, நினைவிருக்கிறதா?

கார்த்தி: உள்ளே புதுசு மாதிரி இருக்கிறது மாமா. சீட் கவர்கூட மாற்றியிருக்கிறார்கள்.

மாமா: அதனால்தான் சொல்கிறேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார். சுருண்டு உள்ளே இருக்கும் பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றாது, சேற்றுக் கறை அங்கேயே தங்கிவிடும். அப்புறம் டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு, அந்தக் குழியில் துரு இருக்கிறதா பார். கார்பெட்டுக்கு அடியில் கையை விட்டு, மோந்தும் பார்.

சுதா அக்கா: லோன் வண்டியா தம்பி?

கார்த்தி: ஆமாம் அக்கா, கட்டி முடித்துவிட்டாராம்.

சுதா அக்கா: அது போதாது. ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், பேங்க் பெயர் இருந்தால் பெயர் மாற்றம் நகராது. கடன் பாக்கி இல்லை என்று பேங்க் தரும் என்ஓசி, பேங்க் பெயரை நீக்கக் கேட்கும் படிவம் 35 இரண்டையும் கொடுத்து அவர் அதை நீக்கித் தரட்டும். வண்டி விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பார். கட்டாத அபராதம் ஏதும் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடு.

சித்தப்பா: சுதா, எங்கள் பழைய வண்டியை வாங்குகிறவர், பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து மட்டும் போடுங்கள், பெயரைப் பிறகு மாற்றிக்கொள்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

சுதா அக்கா: வேண்டவே வேண்டாம் சித்தப்பா. ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் ஓனர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நாளைக்கு விபத்து என்றால் இழப்பீடு உங்கள் தலையில்தான் விழும். பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்த ரசீதைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அந்த நோ கிளெய்ம் போனஸ், உங்களுடையது, வண்டியோடு போகாது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதற்குச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

சித்தப்பா: சரிம்மா, அவரிடம் கறாராகச் சொல்லிவிடுகிறேன்.

சுதா அக்கா: கார்த்தி, உனக்கும்தான். வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உன் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடு. இல்லாவிட்டால் உன் வண்டி சேதத்துக்குக் கிளெய்ம் கேட்கும்போது மறுத்துவிடுவார்கள்.

கார்த்தி: சரி அக்கா. மாமா, ஞாயிறு காலை நீங்களும் வர முடியுமா?

மாமா: வருகிறேன். நாம் போகும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று ஓனரிடம் சொல்லிவை. ஆறிய இன்ஜினில்தான் புகையும் சத்தமும் தெரியும்.