பேஸ்பால் ஆடற பையன்: அலுமினிய பேட்டா, கட்டை பேட்டா?

வேளச்சேரி அப்பா:
வணக்கம். பையனுக்கு 11 வயசு, ஸ்கூல் கிரவுண்ட்ல பேஸ்பால் கோச்சிங் போறான், நாலு மாசமா பிட்சிங், அதாவது பேட் பண்றவனுக்கு பால் போடற வேலை. கிரிக்கெட்ட விட்டுட்டு இதுக்கு போறானேன்னு எங்கப்பா இன்னும் என்கிட்ட முகம் குடுத்து பேசல, அது வேற கதை. போன சனிக்கிழமை இவன் போட்ட பாலை ஒரு பெரிய பையன் அலுமினிய பேட்ல வெச்சான் பாருங்க, நேரா திரும்பி வந்து காதை உரசிட்டு போச்சு. அதுலேர்ந்து வீட்டம்மா கட்டை பேட்னாதான் அனுப்புவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. கோச்ச கேட்டா கட்டை உடைஞ்சுகிட்டே இருக்கும் சார், யார் காசு குடுக்கறதுங்கறார். அமெரிக்கால இருக்கற மச்சான் வேற, நியூயார்க்ல மெட்டல் பேட்டையே தடை பண்ணிட்டாங்கன்னு கிளப்பி விட்டுட்டான். நெஜமா?

பழைய கேட்சர்:
மச்சான் சொன்னது பாதி சரி. 2007ல நியூயார்க் சிட்டி கவுன்சில் தடை கொண்டு வந்துச்சு, மேயர் ப்ளூம்பெர்க் வீட்டோ பண்ணியும் மறுபடி ஓட்டு போட்டு நிறைவேத்தினாங்க, ஆனா அது ஹைஸ்கூல் பசங்களுக்குதான். அலுமினிய பேட் உள்ள வெறும் கூடு சார், பால் பட்டதும் சுவர் லேசா அமுங்கி டென்னிஸ் ராக்கெட் நரம்பு மாதிரி திருப்பி தள்ளும், கட்டைல அது கிடையாது, பாலே நசுங்கி அதுல நிறைய சக்தி வீணாயிடும். இதனாலதான் 2018லேர்ந்து லிட்டில் லீக்ல, அதாவது அமெரிக்கால சின்னப் பசங்க ஆடற பேஸ்பால்ல, யுஎஸ்ஏ பேஸ்பால்ங்கற அமைப்போட முத்திரை போட்ட பேட், கட்டை அளவுக்கு அடக்கி செஞ்சது. உங்க கோச் பையில இருக்கற பழசுல அது இருக்கான்னு முதல்ல பாருங்க.

மாம்பலம் வாசி:
பேட்டை விடுங்க சார். லிட்டில் லீக்ல பிட்சர் நிக்கறது 46 அடி தூரத்துல, போட்டு முடிக்கறப்ப இன்னும் முன்னாடி வந்துடுவான், மணிக்கு 60 மைல் வேகத்துல பால் திரும்பினா அரை செகண்டு கூட கிடைக்காது. பிராக்டிஸ்ல எல் வடிவ வலை வெச்சு அதுக்கு பின்னாடியிருந்து போட சொல்லுங்க, மூஞ்சிக்கு மாஸ்க் போடுங்க. இன்னொண்ணு, நெஞ்சுல தப்பான நொடியில பட்டா அடி பெருசா இல்லன்னாலும் இதயத் துடிப்பு தாறுமாறாயிடும், அப்ப உடனே சிபிஆர் குடுக்கணும், அதான் நெஞ்சை அமுக்கி விடறது, ஷாக் குடுத்து துடிப்பை சரி பண்ற ஏஇடி மெஷினும் வேணும். நம்ம ஸ்கூல் கிரவுண்ட்ல எங்க இருக்கு அதெல்லாம்? கேட்டா முறைப்பாங்க, பரவால்ல கேளுங்க.

சேப்பாக்கம் கேலரி:
1979ல பெர்த் டெஸ்ட்ல ஆஸ்திரேலியா பவுலர் டென்னிஸ் லில்லி அலுமினிய பேட்டோட இறங்கினாரே, இங்கிலாந்து கேப்டன் பிரேர்லி பந்து கெட்டுப்போகுதுன்னு கம்ப்ளைண்ட் பண்ண, மனுஷன் கடுப்புல பேட்டை தூக்கி எறிஞ்சார். அப்புறம்தான் பேட் மரத்துலதான் இருக்கணும்னு ரூலே வந்துச்சு. அங்கயும் கவலை பந்தை பத்திதான், யார் மண்டையையும் பத்தி இல்ல 😀

பழைய கேட்சர்:
மாம்பலம் சார், வலை கரெக்ட், ஆனா பேட்டை எப்படி விடறது? மேட்ச்ல வலை இருக்காதே, அங்க கையில இருக்கற பேட் தானே பேசும். நெளிஞ்சதோ கீறல் விட்டதோ இருந்தா அதையும் தூக்கி போட சொல்லுங்க.

வேளச்சேரி அப்பா:
எல்லாருக்கும் நன்றி. கோச் பேட்டை பாத்தேன், பெயிண்டே இல்ல, முத்திரைக்கு எங்க போறது. வலை போட ஒத்துக்கிட்டார், பாதி காசு நான் தரேன்னதுக்கு அப்புறம். நேத்து பெரியமேட்ல ஒரு கடைல முத்திரை போட்ட பேட் கேட்டேன், "ஸ்டிக்கர் தானே சார், ஒட்டி தரேன்"ங்கறான். மச்சான் டிசம்பர்ல வரான், அவன்கிட்டயே சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் பையன் பிட்சிங் இல்ல, ஷார்ட்ஸ்டாப், ரெண்டாவது மூணாவது பேஸுக்கு நடுவுல ஃபீல்டிங்.