தொண்டைப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து 14 மாதங்கள்: கடைவாய்ப் பல்லைப் பிடுங்கலாமா? புரையேறுவது நிற்குமா?

அரசலாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 61. மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். கும்பகோணத்தில் பிறந்தவன் வெற்றிலை போடாமல் இருப்பானா என்று பெருமை பேசிக்கொண்டு, அதனுடன் புகையிலையும் சேர்த்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் மென்றேன். நாவின் அடிப்பகுதியில் புற்றுநோய் வந்தது. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏழு வாரங்கள், மொத்தம் 35 முறை ‘கரண்ட்’ வைத்தார்கள். (எங்கள் வார்டில் அதைக் கதிர்வீச்சு என்று சொன்னவர் எவருமில்லை.) கூடவே வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றினார்கள். அண்மையில் எடுத்த ஸ்கேனில் நோய் இல்லை என்று மருத்துவர் சொன்னபோது நானும் என் மனைவியும் அந்த அறையிலேயே அழுதுவிட்டோம்.

அதற்குப் பிறகு எப்படி வாழ வேண்டியிருக்கும் என்பதை எனக்கு யாரும் விரிவாகச் சொல்லவில்லை. அல்லது சொன்னபோது கேட்டுக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. வாயில் எச்சில் ஊறுவதே இல்லை. இரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விழிப்பு வந்துவிடுகிறது. சோறு ரசத்தில் மிதந்தால்தான் உள்ளே இறங்குகிறது. சோற்றைவிடத் தண்ணீர்தான் அதிகத் தொல்லை தருகிறது என்பது எனக்கே வியப்பாக இருக்கிறது. நான்கு மடக்குக் குடித்தால் ஒரு முறையாவது புரையேறிவிடுகிறது. யாரோ நினைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லி என் மனைவி உச்சந்தலையில் தட்டுவார். நாளொன்றுக்கு இருபது முறை நினைத்துக்கொள்ளும் அளவுக்கு எங்களுக்கு உறவினர்கள் இல்லை. மதியத்துக்கு மேல் உடம்பு அசந்து போகிறது, சித்திரை வெயிலிலும் குளிர்கிறது. அதைக் கீமோவின் மிச்சம் என்று விட்டுவிட்டேன்.

உடனடியாகத் தெரிய வேண்டியது பல்லைப் பற்றித்தான். கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஈறோரமாகச் சொத்தையாகி வலிக்கிறது. தெருமுனையில் இருக்கும் பல் மருத்துவர், கால் மணி நேர வேலை, வரும் திங்கட்கிழமை பிடுங்கிவிடலாம் என்கிறார். புற்றுநோய்ச் சிகிச்சை பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிடுங்கிக்கொள்ளலாமா? புரையேறுவது நாளடைவில் நின்றுவிடுமா? உறவினர்களிடம் இதையெல்லாம் சொன்னால், உயிர் பிழைத்ததே பெரிது, இதற்கெல்லாம் குறைபட்டுக்கொள்ளலாமா என்கிறார்கள். அதனால் இங்கே கேட்கிறேன்.

ஆலும்வேலும் எழுதியது:

ஐயா, திங்கட்கிழமை அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். நான் அரசுப் பணியில் இருக்கும் பல் மருத்துவன். வாயைப் பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது என்பதுதான் முறை. ஆனாலும் இந்த ஒன்றைப் பார்க்காமலே சொல்லலாம்.

35 முறை என்றால் வழக்கமாக ஒரு முறைக்கு 2 கிரே (கதிரை அளக்கும் அலகு) வீதம் 70 கிரே கொடுத்திருப்பார்கள். நாவின் அடிப்பகுதியைக் குறிவைக்கும் கதிர், கீழ்த்தாடையின் பின்பகுதியில் படாமல் போவது அரிது. கதிர் பட்ட எலும்பில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நாளடைவில் சுருங்கி அடைபட்டுவிடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எலும்பு நன்றாகவே இருக்கும். காயம் பட்டால்தான், அதை ஆற்றுவதற்கு வேண்டிய இரத்தம் அங்கே வருவதில்லை என்பது தெரியும். மற்றவர்களுக்குச் சில வாரங்களில் தூர்ந்துவிடும் பல்குழி, கதிர் பட்ட தாடையில் மாதக்கணக்கில் மூடாமல் இருந்து, எலும்பு வெளியே தெரியத் தொடங்கி, பிறகு செத்துச் சீழ் வைத்து, சில வேளைகளில் தாடையே முறிந்து போகும் நிலைக்கும் கொண்டுபோய்விடும். இதற்கு ஆஸ்டியோரேடியோநெக்ரோசிஸ் என்று பெயர். பல் பிடுங்கிய எல்லோருக்கும் இது வருவதில்லை, பெரும்பாலோர் தப்பித்துவிடுகிறார்கள். வந்துவிட்டவர்களின் தாடையை அறுவை அரங்கில் பார்த்தவன் என்பதால் நான் அழுத்திச் சொல்கிறேன். ஆண்டுகள் போனால் ஆபத்தும் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். பத்தாண்டு கழித்துப் போனாலும் பல் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது நீங்கள் கரண்ட் வைத்துக்கொண்டவர் என்பதைத்தான்.

நாளைக்கே உங்களுக்குக் கதிர்வீச்சு கொடுத்த துறைக்குச் செல்லுங்கள். எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் போனது என்ற வரைபடம் அவர்களுடைய கணினியில் இருக்கும். அந்தக் கடைவாய்ப் பல்லின் வேர் இருக்கும் இடத்துக்கு எத்தனை கிரே போனது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அளவு அதிகமாக இருந்தால், வேர்ச் சிகிச்சை செய்து, சொத்தையான மேல்பகுதியை ஈறு மட்டத்துக்குச் சீவிவிட்டு, வேரை அப்படியே விட்டுவைப்பது ஒரு வழி. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் எலும்பைத் தொடாமல் வலி போய்விடும். பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால், இத்தகைய நோயாளிகளைப் பார்த்துப் பழகிய வாய் மற்றும் தாடை அறுவை நிபுணரிடம்தான் போக வேண்டும். இரத்த ஓட்டத்துக்கான பெண்டாக்ஸிஃபிலின் மாத்திரையையும் வைட்டமின் ஈ-யையும் முன்கூட்டியே கொடுக்கும் மருத்துவர்கள் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான்.

சொத்தை வந்ததற்குக் காரணமும் அந்தக் கதிர்தான், நேரடியாக அல்ல, எச்சில் வழியாக. காதுக்கு முன்னாலும் தாடைக்கு அடியிலும் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகள் வற்றிவிட்டால், பல்லைக் கழுவிவிட்டுக்கொண்டே இருந்த வேலைக்காரர் நின்றுவிட்டார் என்று பொருள். எஞ்சிய பற்களுக்கு அச்செடுத்து, அந்த அச்சில் ஃபுளோரைடு ஜெல் வைத்து நாள்தோறும் சில நிமிடங்கள் மாட்டிக்கொள்ள வேண்டும். வாய் வறட்சிக்கு எலுமிச்சை மிட்டாய் சப்பும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். கரண்ட் வைப்பதற்கு முன்பே பல் மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டும். பல ஊர்களில் இன்னும் அனுப்புவதில்லை. இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

விழுங்கல்பயிற்சி எழுதியது:

ஐயா, நான் பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர். பல்லைப் பற்றி மருத்துவர் சொன்னதே போதுமானது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறி, மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். ஒரு நொடிக்குள் நடந்து முடியும் வேலை அது. கதிர்வீச்சால் தசைகள் நாராக இறுகிவிட்டதால் உங்களுக்கு அது தாமதமாக நடக்கிறது. சோறு மெதுவாக நகரும், காத்திருக்கும், தண்ணீர் காத்திருக்காது. அதனால்தான் தண்ணீரில் புரையேறுகிறது. புரையேறுவதைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிறீர்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, புரையேறாமலே உள்ளே போகும் தண்ணீர்தான். கதிர் பட்ட தொண்டையில் உணர்ச்சியும் மங்கிவிடுவதால், மூச்சுக்குழாய்க்குள் நீர் இறங்கினாலும் இருமல் வராமல் போகலாம். குடித்தபின் குரல் ஈரமாகக் களகளவென்று ஒலிப்பது, காரணம் புரியாமல் காய்ச்சல் வந்து போவது, சளி தீராமல் இருப்பது ஆகியவை அதற்கு அடையாளங்கள். நிமோனியா அப்படித்தான் வருகிறது.

ஆகவே, நாளடைவில் தானாக நின்றுவிடும் என்று காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய பேரியம் என்ற பொருள் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பது இன்னொன்று. இரண்டில் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். தாடையை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்கினால் சிலருக்கு நன்மை உண்டு, சிலருக்கு அது தீங்காகவும் முடியும். படத்தைப் பார்த்த பிறகுதான் எவருக்கு எது என்று சொல்ல முடியும். பயிற்சிகளும் அப்படியே. நாக்கு நுனியைப் பற்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு வெறும் வாயால் விழுங்கும் பயிற்சியை யாரோ சொன்னார்கள் என்று உணவுடன் செய்து பார்த்து மூச்சுத் திணறியவர் ஒருவரை நான் அறிவேன்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் முற்றிய குரல்வளைப் புற்றுநோயாளிகள் 332 பேரிடம் நடத்திய ஆய்வு 1991-இல் வெளியானது. குரல்வளையை வெட்டி எடுக்காமல் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்தவர்களில் 64 விழுக்காட்டினருக்குக் குரல்வளை தப்பியது. உயிர் பிழைத்தவர் தொகையும் குறையவில்லை. உறுப்பைக் காக்கும் சிகிச்சை உலகெங்கும் பரவியதற்கு அந்த ஆய்வு பெரிய காரணம். ஆனால் தப்பிய தொண்டை சரியாக விழுங்குகிறதா என்ற கேள்வி மருத்துவர்களின் கவனத்துக்கு மெல்லத்தான் வந்து சேர்ந்தது. உங்கள் ஸ்கேன் அறிக்கையிலும் அந்தக் கேள்விக்கு விடை இருக்காது.

கழுத்தில் ஒரு சன்னல் எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மேலே விழுங்கல் பயிற்சியாளர் அம்மையார் சொன்னதைக் கேட்காமல் விட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு நானே சாட்சி. 2014-இல் கரண்ட் வைத்து நோய் போய்விட்டது. முதல் நான்கு ஆண்டுகள் ஓரளவு நன்றாகவே சாப்பிட்டேன். ஐந்தாம் ஆண்டில் புரையேறத் தொடங்கியது, பிறகு நாக்கு தடித்தது போலாகிப் பேச்சும் குழறியது. நோய் திரும்பிவிட்டதோ என்று அஞ்சி மறைத்தேன். நோய் திரும்பவில்லை, கதிரின் விளைவு அத்தனை ஆண்டு கழித்து நரம்புகளையும் தசைகளையும் பிடித்திருந்தது. இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை நிமோனியா வந்து, மூன்றாவது முறை வென்டிலேட்டர் வரை போனேன். கடைசியில், புற்றுநோயே இல்லாத என் குரல்வளையை, நுரையீரலைக் காப்பாற்றுவதற்காக 2021-இல் எடுத்துவிட்டார்கள்.

இப்போது கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சு விடுகிறேன். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே பொருத்திய சிறு வால்வின் உதவியால், துளையை விரலால் மூடிக்கொண்டு பேசுகிறேன். என்னுடையது இறக்குமதியானது, ஆயிரக்கணக்கில் விலை. பெங்களூருவைச் சேர்ந்த மருத்துவர் விஷால் ராவ் ஐம்பது ரூபாய் விலையில் ‘ஓம்’ என்ற வால்வை உருவாக்கியிருக்கிறார் என்பது ஏழைகளுக்குத் தெரிய வேண்டிய செய்தி. வால்வில் பூஞ்சை பிடித்துத் தேய்ந்தால் குடிக்கும் நீர் அதன் வழியாகவே கசிந்து இருமல் வரும். புரையேறலிடமிருந்து எனக்கு முழு விடுதலை அப்போதும் இல்லை. மூக்கு வழியே காற்று போகாததால் மணமும் போய்விட்டது. மழை பெய்து மண் நனைந்தால், அது எப்படி மணக்கிறது என்று பேத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

உங்களை அச்சுறுத்த எழுதவில்லை. பெரும்பாலோர் இந்த இடத்துக்கு வருவதில்லை. உயிர் பிழைத்ததே பெரிது என்பவர்கள் சொல்வது உண்மைதான்; ஆனால் அந்தச் சொல்லுக்கு அஞ்சித்தான் நான் இரண்டு ஆண்டுகள் வாயைத் திறக்கவில்லை.

சொதிக்காரி எழுதியது:

அண்ணா, என் வீட்டுக்காரருக்கு இதே சிகிச்சை முடிந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. திருநெல்வேலியில் இருக்கிறோம். நான் மருத்துவர் இல்லை, அடுப்படியில் கற்றதைத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்த அசதியும் குளிரும். நாளைக்கே தைராய்டுக்கு இரத்தம் கொடுங்கள். கழுத்துக்கு வைக்கும் கரண்ட் தைராய்டு சுரப்பியையும் மெல்ல முடக்கிவிடும் என்பதால், டி.எஸ்.எச். அளவை (தைராய்டு மந்தமானால் இரத்தத்தில் இது ஏறும்) ஆறு மாதத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ ஒரு முறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எங்கள் மருத்துவர் சொல்லியிருக்கிறார். இவருக்கு இரண்டாம் ஆண்டில் வந்தது. அதற்குள் சோம்பேறி ஆகிவிட்டார் என்று நான் ஏசியதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

அடுத்து, உங்களுடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லை என்றால் தாடை இறுகத் தொடங்கிவிட்டது. இவர் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, நாளுக்கு மூன்று வேளை பயிற்சி செய்து, வாரத்துக்கு ஒரு குச்சியாகக் கூட்டினார். உங்களுக்குக் கடைவாய்ப் பல் வலி இருப்பதால் பல் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

சாப்பாட்டுக்கு எங்கள் ஊர்ச் சொதி கைகொடுத்தது. தேங்காய்ப்பாலின் வழவழப்பு எச்சில் செய்யும் வேலையில் பாதியைச் செய்துவிடும். இஞ்சியையும் பச்சை மிளகாயையும் குறைத்து, இடியாப்பத்தை அதில் ஊறவிட்டுக் கொடுப்பேன். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். கல்யாணப் பந்தியில் அடுத்தவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்கள் என்பதால், வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பாயசத்துக்கு மட்டும் உட்காருவார்.

அரசலாற்றங்கரை எழுதியது (ஐந்து வாரங்களுக்குப் பிறகு):

எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை நான் போகவில்லை. கதிர்வீச்சுத் துறையில் கேட்டபோது, அந்தப் பல்லின் வேர்ப்பகுதிக்கு 60 கிரேக்கு மேல் போயிருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். மூன்று விரல் நுழையாத வாய்க்குள் வேர்ச் சிகிச்சை செய்வதற்குப் பல் மருத்துவக் கல்லூரியில் மிகவும் சிரமப்பட்டார்கள். நான்கு முறை போக வேண்டியிருந்தது. வலி இப்போது இல்லை. தெருமுனை மருத்துவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இனி எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன் என்றார்.

தங்கையே, நீங்கள் சொன்னது சரி. டி.எஸ்.எச். மிக அதிகமாக இருந்தது, மாத்திரை தொடங்கியாயிற்று. விழுங்கல் பரிசோதனையில், தண்ணீர் குடித்தபோது இரண்டு முறை இருமலே இல்லாமல் உள்ளே இறங்கியதைத் திரையில் காட்டினார்கள். அன்று வீடு திரும்பும் வரை என் மனைவி பேசவில்லை. தலையில் தட்டுவதையும் விட்டுவிட்டார். நாளுக்கு மூன்று வேளை பயிற்சி நடக்கிறது. அடுத்த படம் எடுக்கும் வரை குடிப்பவை அனைத்தையும் கெட்டியாக்கும் பொடி கலந்துதான் குடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். தண்ணீரில் கலந்தால் பசை காய்ச்சியது போல இருக்கிறது, அதைப் பொறுத்துக்கொள்கிறேன். டிகிரி காபியில் அந்தப் பொடியைக் கலந்து குடிப்பவர் இங்கே எவரேனும் இருந்தால், கலந்து எவ்வளவு நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும் என்று எழுதுங்கள். நான் டம்ளரைக் கையில் எடுப்பதற்குள் அது கூழாகிவிடுகிறது.