கணவருக்குக் கால் முறிவு, கையில் 2 சின்னக் குழந்தைகள்: ராத்திரியை எப்படிச் சமாளிச்சீங்க?

நிலாமுற்றம்:

வணக்கம். இங்க படிச்சுட்டு மட்டும் போறவ நான், எழுதுறது இதுதான் முதல் தடவை. பையன் தோள்ல தூங்குறான், ஒரு கையால டைப் பண்றேன். பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

11 நாளைக்கு முன்னாடி என் வீட்டுக்காரர் துணிக்கூடையைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி இறங்கினார். கூடை மறைச்சு கடைசிப் படி தெரியல. கால் தவறி விழுந்துட்டார். வலது முட்டிக்குக் கீழ எலும்பு மூணு துண்டா உடைஞ்சிருச்சு. ஆபரேஷன் பண்ணித் தகடும் 7 ஸ்க்ரூவும் வச்சிருக்காங்க. வீட்டுக்கு வந்து 6 நாள் ஆகுது. 12 வாரத்துக்கு அந்தக் காலைத் தரையில ஊனவே கூடாதாம். தொடையில இருந்து கணுக்கால் வரைக்கும் பிரேஸ், நடக்க வாக்கர், ரத்தம் உறையாம இருக்கத் தினமும் வயித்துல ஒரு ஊசி. ஊசியை நானே போடக் கத்துக்கிட்டேன். முதல் நாள் கை நடுங்குச்சு, இப்ப இல்ல.

பொண்ணுக்கு மூன்றரை வயசு, பையனுக்கு 8 மாசம். அவன் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். தவழ்ந்து போய் எது கிடைச்சாலும் பிடிச்சு எழுந்து நிக்கிற பருவம். இப்ப அவனுக்கு அப்பாவோட வாக்கர்தான் வேணும். அதைப் பார்த்தாலே எனக்குப் பதறுது.

பகல் எப்படியோ ஓடிருது. ராத்திரிதான் முடியல. பையன் 3 தடவையாவது எழுந்திருப்பான். நடுவுல அவருக்கு யூரின் கேன் எடுத்துக் கொடுக்கணும், தலையணையைச் சரி பண்ணணும், 2 மணிக்கு வலி மாத்திரை தரணும். ஒரு நாள் பையனை அரை மணி நேரம் தட்டித் தூங்க வச்சு, மெதுவாக் கீழ போட்ட அந்த நொடி பக்கத்து ரூம்ல இருந்து அவர் கூப்பிட்டார். பையன் முழிச்சிட்டான். நான் போய் வாசல்ல நின்னு, "ஒரு அஞ்சு நிமிஷம் பொறுக்க முடியாதா உங்களால"ன்னு கத்திட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல.

அடுத்த 2 ராத்திரி அவர் கூப்பிடவே இல்ல. நல்லாத் தூங்குறார்னு நினைச்சேன். நேத்து காலையில பார்த்தா, சாயந்திரம் நான் வச்ச தண்ணி பாட்டில் மூடி கூடத் திறக்காம அப்படியே இருக்கு. கேட்டேன். "குடிச்சா ராத்திரி உன்னை எழுப்ப வேண்டியிருக்கும்"னார். அந்தப் பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டு சமையல்கட்டுல நின்னு அழுதேன்.

உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு அவர் மேல கோபம் வருது. என் வேலையைக் குறைக்கத்தான் அந்தக் கூடையையே அவர் தூக்கினார். அது தெரிஞ்சும் வருது.

இன்னொண்ணு, பொண்ணு. அவர் விழுந்தப்ப அவ படிக்குக் கீழதான் நின்னுட்டிருந்தா. அவர் போட்ட அலறலைக் கேட்டிருக்கா. இப்ப அந்த ரூம் பக்கமே போகமாட்டேங்குறா. 6 மாசமா நின்னு போயிருந்துச்சு, இப்ப மறுபடியும் படுக்கையை நனைக்கிறா. நேத்து குளிப்பாட்டும்போது திடீர்னு, "நான் பந்தைப் படியில வச்சேன்ல, அதான் அப்பா விழுந்துட்டாங்க"ன்னு சொல்றா. படியில பந்தே இல்ல. "அதெல்லாம் ஒண்ணும் இல்லடா"ன்னு சொல்லிப் பேச்சை மாத்திட்டேன். தப்புப் பண்ணிட்டேனோன்னு மனசு அடிச்சுக்குது.

எங்கம்மா பகல்ல 3 மணி நேரம் வந்து இருப்பாங்க, ராத்திரி தங்க முடியாது. இதைக் கடந்து வந்தவங்க யாராவது சொல்லுங்க.

கரையோரம்:

முதல்ல பொண்ணுகிட்ட பேசுங்க. இன்னைக்கே. நாளைக்குன்னு தள்ளாதீங்க.

அந்த வயசுப் பிள்ளைங்க வீட்டுல எது நடந்தாலும் தான்தான் காரணம்னு முடிவு பண்ணிக்கும். எங்க வீட்டுக்காரருக்குத் தொடை எலும்பு முறிஞ்சப்ப பையனுக்கு 4 வயசு. முந்தின நாள் ஏதோ கோபத்துல "அப்பா எனக்கு வேணாம்"னு சொல்லியிருந்தான். அதனாலதான் அப்பாவுக்கு அடிபட்டுச்சுன்னு 3 வாரம் மனசுக்குள்ளயே வச்சுப் புழுங்கியிருக்கான். எனக்குத் தெரியவே இல்ல. உங்க பொண்ணு 11 நாள்ல வாயைத் திறந்து சொல்லிட்டா. அந்த அளவுக்கு உங்ககிட்ட அவளுக்கு நம்பிக்கை இருக்கு.

அவ பேச்சையே எடுத்து நேரா சொல்லுங்க. "படியில பந்து இல்ல. நீ எதுவும் செய்யல. அப்பா கால் தவறிடுச்சு, எலும்பு உடைஞ்சுச்சு, டாக்டர் சேர்த்து வச்சிருக்காங்க, ஒட்ட ரொம்ப நாள் ஆகும்." மறுபடி மறுபடி கேட்பா. ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தையில சொல்லுங்க, மாத்தாதீங்க. "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல"ன்னு மட்டும் பொதுவாச் சொல்ல வேணாம். அடுத்த தடவை அவளுக்குக் காய்ச்சல் வந்தா தானும் இப்படித்தான் படுக்கணும்னு பயந்துடுவா. ரூமுக்குள்ள இழுத்துக்கிட்டுப் போகாதீங்க. வாசல்ல உக்கார்ந்து விளையாடட்டும், அவர் உள்ள இருந்தே பேசட்டும். படுக்கை நனையறதுக்குத் திட்டும் வேணாம், சமாதானமும் வேணாம். கீழ ரப்பர் ஷீட், அதுக்கு மேல விரிப்பு, அதுக்கு மேல இன்னொரு ரப்பர் ஷீட், இன்னொரு விரிப்புன்னு ரெண்டு அடுக்காப் போட்டு வச்சா, நடு ராத்திரி மேல் அடுக்கை மட்டும் உருவிப் போட்டுட்டுத் தூங்கலாம்.

ராத்திரிக்கு: நீங்க ஏன் வேற ரூம்ல படுக்கிறீங்க? நானும் பிள்ளை சத்தத்துல அவர் தூக்கம் கெடும்னு தனியாப் படுத்தேன். 10 நாள்ல எனக்கே காய்ச்சல் வந்துருச்சு. அப்புறம் எங்க மெத்தையை அவர் ரூம் தரைக்குக் கொண்டு போனோம். எழுந்து நடக்கிற தூரம் குறைஞ்சதே பாதித் தூக்கம் கிடைச்ச மாதிரி இருந்துச்சு. அவர் கைக்கு எட்டுற மேஜையில 2 யூரின் கேன், ஸ்ட்ரா போட்ட தண்ணி பாட்டில், அந்த ராத்திரிக்கான ஒரே ஒரு வேளை மாத்திரை, டார்ச். கூப்பிட வேண்டியதே வராது. ஆனா காலையில முதல் வேலையா அந்த மேஜையைக் காலி பண்ணிடணும். தவழ்ற பிள்ளைக்கு ஒரு மாத்திரை கீழ விழுந்திருந்தாலும் போதும். மீதி மாத்திரை பூட்டுல இருக்கட்டும். போட்ட ஊசியை மூடி திருகுற கெட்டியான டப்பாவுல போட்டு உயரத்துல வையுங்க, குப்பைக் கூடையில போடாதீங்க.

அம்மா வர்ற 3 மணி நேரத்துல நீங்க என்ன செய்யறீங்க? சமையலும் துவையலும்தானே? அதை அவங்க பார்க்கட்டும், இல்ல அப்படியே கிடக்கட்டும். நீங்க அதுல ஒண்ணரை மணி நேரமாவது கதவைச் சாத்திட்டுத் தூங்குங்க.

எலும்பும்தசையும்:

நான் பிசியோதெரபிஸ்ட். அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் சொன்னதுதான் முதல், நான் சொல்வது அதற்கு அடுத்தது.

அந்தத் தண்ணீர் பாட்டிலைத்தான் நான் முதலில் சரிசெய்வேன். அசையாமல் படுத்திருப்பவர் தண்ணீரையும் குறைத்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. அதைத் தடுக்கத்தானே நீங்கள் தினமும் ஊசி போடுகிறீர்கள். வீரியமான வலி மாத்திரைகள் ஏற்கெனவே மலச்சிக்கலைத் தரும், தண்ணீர் குறைந்தால் அது இன்னும் மோசமாகும். இதை அவரிடமே சொல்லுங்கள். "எனக்காகக் குடிக்காமல் இருக்காதே" என்று கெஞ்சுவதைவிட இது அவருக்கு எளிதாகப் புரியும்.

விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை பாதத்தை மேலும் கீழுமாக 10, 15 தடவை அசைக்கச் சொல்லுங்கள். முட்டிக்கு நேர் கீழே மட்டும் தலையணை வைத்து, மடங்கிய நிலையிலேயே நாள் கணக்கில் விட்டுவிடாதீர்கள். அப்படியே இறுகிப்போனால் பிறகு முழுதாக நீட்டுவது பெரும் பாடு. இந்த முறிவில் எலும்பு நன்றாகச் சேர்ந்த பிறகும் பலருக்கு மிஞ்சும் தொல்லை முட்டி இறுக்கம்தான். பிரேஸைத் திறந்து எத்தனை டிகிரி வரை மடக்கலாம், எப்போதிலிருந்து என்று தையல் பிரிக்கப் போகும்போது கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கெண்டைக்கால் திடீரென வீங்கி, தொட்டால் சூடாக, அழுத்தினால் வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம், அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள். மாத்திரைக்கும் அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வலி, கால் விரல்கள் மரத்துப்போவது, தையலில் சீழ், காய்ச்சல், இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்கள் முதுகைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறீர்களா? வேண்டாம். கட்டிலின் விளிம்புக்கு அவரே நகர்ந்து வந்து, நல்ல காலை ஊன்றி, ஒரு கையால் கட்டிலை அழுத்தி எழட்டும். நீங்கள் அடிபட்ட காலைத் தாங்கிப் பிடித்தால் போதும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இதைச் செய்யவே செய்யாதீர்கள். அவனைத் தொட்டிலில் விட்டு 2 நிமிடம் அழட்டும்.

இடதுகால்:

நான் அந்தக் கட்டில்ல படுத்திருந்த ஆள். 3 வருஷத்துக்கு முன்னாடி இடது கணுக்கால் ரெண்டு பக்கமும் உடைஞ்சு தகடு வச்சாங்க. வீட்டுல 2 வயசு இரட்டைக் குழந்தைங்க.

நானும் தண்ணி குடிக்காம இருந்திருக்கேன். தூங்குற மாதிரி நடிச்சும் இருக்கேன். மனைவி ராத்திரி ஒரு பிள்ளையைத் தோள்ல போட்டு நடக்கிற காலடிச் சத்தம் கேட்கும், எழுந்து போய் வாங்கிக்க முடியாது. அந்த வலிக்கு மாத்திரை இல்லம்மா.

12வது நாளோ என்னவோ, அவ ஒரு நோட்டைக் கொண்டு வந்து மடியில போட்டு, "படுத்துக்கிட்டே உங்களால என்னென்ன செய்ய முடியும், எழுதுங்க"ன்னா. அப்ப சுருக்குனு இருந்துச்சு. ரெண்டு வரிதான் எழுத முடிஞ்சுது. ஒரு வாரத்துல அது ஒரு பக்கம் ஆச்சு. துணி மடிக்கிறது, பிள்ளைங்களுக்குத் தலை வாரி விடறது, ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் போன் பேசுறது, பில் கட்டுறது, எந்த மாத்திரை எப்பன்னு கணக்கு வைக்கிறது. இந்தக் கடைசி ஒண்ணை முதல்லயே அவர் கையில கொடுத்துடுங்க. அவர் காலுக்கான கணக்கு அவர் தலையில இருக்கட்டும். என் காலுக்குத்தான் அடி, குரலுக்கு ஒண்ணும் ஆகலையே. ராத்திரி கதை சொல்லித் தூங்க வைக்கிறது முழுக்க என் பொறுப்பு ஆச்சு.

கைப்பிள்ளையை அவர் பக்கத்துல விடலாம், பகல்ல, அவர் தெளிவா முழிச்சிருக்கும்போது. வலி மாத்திரை மயக்கத்துல இருக்கிறவர் பக்கத்துல குழந்தையைத் தூங்க விடவே கூடாது, ஒரே கட்டில்ல வேண்டவே வேண்டாம். கரையோரம் சொன்ன மாதிரி ஒரே ரூம்ல படுத்தாலும் பையனுக்குத் தனித் தொட்டில் இருக்கணும்.

கோபத்தைப் பத்தி. என் மனைவிக்கும் வந்துச்சு, ஒரு மாசம் கழிச்சுத்தான் சொன்னா. முன்னாடியே சொல்லியிருந்தா நான் இன்னும் நிம்மதியா இருந்திருப்பேன். அவ பேசாம இருந்த நாளெல்லாம் நான் அதைவிடப் பெருசா எதையெதையோ கற்பனை பண்ணிட்டிருந்தேன். விழுந்த அந்த நொடி ராத்திரியில திரும்பத் திரும்ப எனக்கு வந்துச்சு, கண்ணை மூடினா போதும், வந்துரும். உங்க வீட்டுக்காரருக்கும் இருக்கான்னு கேளுங்க. இருந்தா டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க. நான் ரொம்ப லேட்டாச் சொன்னேன்.

நிலாமுற்றம்:

5 நாள் கழிச்சு எழுதுறேன். பதில் போட்ட எல்லாரையும் ராத்திரி பால் கொடுக்கும்போது படிச்சுப் படிச்சு இருந்தேன். நன்றி.

நேத்து தையல் பிரிச்சாச்சு. இப்போதைக்கு 90 டிகிரி வரைக்கும் மடக்கலாம்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. மெத்தையை அவர் ரூமுக்கு மாத்திட்டோம், தொட்டிலை ஜன்னல் பக்கம் போட்டாச்சு. முதல் ராத்திரி பையன் 5 தடவை எழுந்தான், இனிமே அவ்வளவுதான்னு நினைச்சேன். மூணாவது ராத்திரி ரெண்டே தடவை. அம்மா வந்ததும் தூங்கப் போயிடறேன். முதல் நாள் வெட்கமா இருந்துச்சு, இப்ப அவங்களே "போ, போய்ப் படு"ங்குறாங்க.

கோபத்தை அவர்கிட்ட சொல்லிட்டேன். "எனக்கும் என் மேல அதேதான்"னார். ரெண்டு பேரும் அதுக்கு மேல ஒண்ணும் பேசல. மாத்திரைக் கணக்கு இப்ப அவர்கிட்ட. தண்ணி எவ்வளவு குடிச்சார்னும் அவரே கோடு போட்டு வைக்கிறார்.

பொண்ணு இன்னும் உள்ள போகல. 5 ராத்திரியில 2 ராத்திரி நனைச்சா. பந்து இல்லைன்னு எண்ணிப் பார்த்தா 30 தடவையாவது சொல்லியிருப்பேன். நேத்து சாயந்திரம் வாசல்ல நின்னு அந்தப் பந்தை உள்ள உருட்டி விட்டா. அவர் கட்டில்ல இருந்து குனிஞ்சு, கைத்தடியால தடுத்துத் திருப்பி உருட்டினார். கால் மணி நேரம் ரெண்டு பேரும் பேசாம உருட்டிட்டே இருந்தாங்க. நான் பையனைத் தூக்கிக்கிட்டு ஹால்லயே நின்னுட்டேன்.

பிசியோ அண்ணா, ஒரு கேள்வி. வாக்கர்ல நடந்தா அவருக்குத் தோள் ரொம்ப வலிக்குதாம். உயரம் சரியில்லையோன்னு சந்தேகம். எப்படிப் பார்க்கிறது?

எலும்பும்தசையும்:

அவர் நிமிர்ந்து நின்று கைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டால், கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். பிடிக்கும்போது முழங்கை சற்றே மடங்கும். தோள் காதை நோக்கித் தூக்கிக்கொண்டு நின்றால் வாக்கர் உயரம் அதிகம், நான்கு கால்களிலும் பொத்தானை அழுத்தி ஒரே அளவாக ஒரு துளை குறையுங்கள். பார்க்கும்போது வீட்டுச் செருப்பு எதைப் போட்டு நடக்கிறாரோ அதைப் போட்டிருக்கட்டும். ரப்பர் முனைகள் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நடக்காத நேரத்தில் வாக்கரை மடித்துப் பையன் கைக்கு எட்டாமல் வைத்துவிடுங்கள்.