பொருள்: ‘ஹோம்புரூ ஸ்டவுட்’ தமிழில் எப்படி?

லண்டன்:
வணக்கம். வீட்டில் பீர் செய்யும் நண்பர்கள் இங்கே புட்டி மாற்றிக்கொள்கிறோம். இந்த முறை எல்லாருக்கும் ஸ்டவுட் (வறுத்த பார்லி சேர்ந்த கருநிற பீர்); ஆளுக்கொரு புதுப்பொருள் சேர்க்க வேண்டும். ஒருவர் சுக்குமல்லி, ஒருவர் பால்சர்க்கரை (லாக்டோஸ்), நான் கருப்பட்டி. புட்டியோடு போகும் தமிழ்த் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘வீட்டில் காய்ச்சியது’ என்றால் கள்ளச்சாராயம்தான் நினைவுக்கு வரும். வேறு சொல் வேண்டும்.

மதுரை:
சொல் இருக்கிறதே! சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் ‘இல்லடு கள்’, ‘இன் தோப்பி’ என்றே வருகிறது. தோப்பி நெல்லில் ஆக்கியது. தானியத்தில் பிறப்பதால் பனங்கள்ளைவிட பீருக்கு நெருங்கிய உறவு. அடுப்பு, அட்டில், அடிசில் எல்லாம் ‘அடு’ (சமை, காய்ச்சு) வழி வந்தவை. ‘இல்லடு தோப்பி’ என்று போடுங்கள். அதே நூலில் அரிசிக் கூழுக்குத் ‘துழவை’ என்று பெயர். அதை ஆற்றி, அடை (இடித்த நெல்முளை) கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்துச் சாடியில் விளையவிடுகிறார்கள். பீருக்காகத் தானியத்தை வெந்நீரில் ஊறவைத்த கலவையான ‘மாஷு’க்குத் துழவையைவிட நல்ல சொல் கிடைக்காது.

யாழ்ப்பாணம்:
தோப்பியைப் பாதிப்பேர் ‘தொப்பி’ என்று வாசிப்பார்கள், ஐயா. இலங்கையில் ஸ்டவுட் பழகிய சொல். லயன் ஸ்டவுட் நுவரெலியாவிலேயே செய்யப்பட்டது. அதை ஏன் கலைக்க வேண்டும்?

சென்னை:
‘அடு’ என்றால் கொல் என்றும் பொருள், ‘அடுபோர்’ நினைவிருக்கும். இல்லின்கண் அட்டது என்று நீங்கள் விரிக்கிறீர்கள். இல்லத்தை அடுவது என்று நான் விரித்தால்? குடியால் அழிந்த வீடுகளை அறிந்தவர்களுக்கு இந்தச் சொல் வலிக்கும்.

மதுரை:
அடிசில் உண்பவர் கொலையை நினைப்பதில்லை. இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும்.

கோவை:
ஸ்டவுட் முதலில் நிறத்தைக் குறித்த சொல்லே அல்ல. 17ஆம் நூற்றாண்டில் ‘வலுவானது’ என்றே பொருள். வெளிர் ஸ்டவுட்டும் இருந்தது. அதனால் ‘கரும்பீர்’ பொருந்தாது. ‘கடுங்கள்’ எப்படி?

லண்டன்:
இன்று 4 சதவீத ஸ்டவுட்டும் சாதாரணம், அதில் ‘கடு’ எங்கே? வறுத்த பார்லி தரும் கருப்பும் காபிக் கசப்பும்தான் அடையாளம். எனக்கு முக்கியம், குடிப்பவருக்கு உள்ளே இருப்பது தெரிய வேண்டும். கருப்பட்டியின் இனிப்பை ஈஸ்ட் தின்றுவிடும், வாசம் மட்டும் நிற்கும். பால்சர்க்கரையை அது தொடாது, இனிப்பு அப்படியே தங்கும். பால் ஒவ்வாதவர் அந்தப் புட்டியை எடுக்கக்கூடாது. இதைப் பழஞ்சொல்லால் மறைக்க முடியாது. பெரும்பாலோர் கருத்துப்படி தலைப்பு ‘வீட்டில் நொதித்த ஸ்டவுட்’. செய்முறையில் துழவை இருக்கட்டும், பக்கத்தில் ஒரு வரி விளக்கத்தோடு.

சென்னை:
சரி. எனக்கு உடன்பாடே.

மதுரை:
எனக்கு உடன்பாடில்லை. கசப்புக்கான ஹாப்ஸ் பூ போட்டு ஒரு மணிநேரம் அடுப்பில் கொதிக்கவிடுகிறீர்களே, அந்த வேலை ‘நொதித்த’ என்பதில் எங்கே? ‘அடு’ இரண்டையும் சொல்கிறது. அடுத்த புட்டி மாற்றத்துக்கு முன் மறுபடி எழுதுவேன்.