சட்டைப் பைக்கு எந்த நோட்டு?

கேள்வி: பஸ்ஸில், நடையில் தோன்றுவதைக் குறித்துக்கொள்ள ஒரு சின்ன நோட்டு வேண்டும். ஜெல் பேனா மை வியர்வையில் கலங்கிவிடுகிறது. என்ன அளவு, என்ன பேனா?

மைக்கூடு: ஏ6 (105 × 148 மி.மீ.) பையிலிருந்து தலை நீட்டும், குனிந்தால் விழும். ஏ7 (74 × 105) சரியாக உட்காரும். ஸ்பைரல் வேண்டவே வேண்டாம். கம்பி துணியில் மாட்டும், நசுங்கினால் பக்கம் புரளாது.

பென்சில்சீவி: ஜெல் மை தண்ணீர் கலந்தது, அதில் சாய மை என்றால் ஈரம் பட்டதும் ஓடும். சாதாரண பால்பாயின்ட் மை எண்ணெய் சார்ந்தது, தாங்கும். ஆனால் சுவரில் நோட்டை வைத்து எழுதினால் கொஞ்சத்தில் நின்றுவிடும். மை கீழே இறங்கித்தான் முனைக்கு வரணும். அதற்குப் பென்சில்தான்.

கேட்டவர்: ஏ7 கடையில் இல்லையே?

மைக்கூடு: மூன்று ஏ4 தாளை நாலு நாலாக வெட்டி, அடுக்கி, நடுவில் மடித்தால் 48 பக்கம். ஸ்டேப்ளர் பெரும்பாலும் நடு மடிப்புவரை எட்டாது. மூணு ஓட்டை போட்டு ஊசிநூலால் தையுங்கள். வெளியே ஒரு கெட்டி அட்டை. நின்றபடி எழுத அது அவசியம்.

ஓரக்கோடு: ஒரு யோசனைக்கு ஒரு பக்கம், மேலே தேதி. 'தலைப்பை மாற்று' என்று மொட்டையாக எழுதினால் மூணு நாளில் உங்களுக்கே புரியாது. 'மூன்றாம் அத்தியாயத் தலைப்பு, ஐந்து சொல்லுக்குள்' என்று எழுதுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றியதும் குறுக்கே ஒரு கோடு. கோடில்லாத பக்கமெல்லாம் பாக்கி. போட்டோ எடுத்து வைப்பதை ஏற்றியதாகக் கணக்கு வைக்காதீர்கள்.