புதுப்பிப்பு: ஆய்வு நோக்கங்களும் கருதுகோளும் ஒருவழியாக முடிந்தன

மாணவர்களின் கைபேசிப் பழக்கமும் தூக்கமும் பற்றிய ஆய்வுக்கு நோக்கங்கள் நீண்டுகொண்டே போகின்றன, எதை வெட்டுவது என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? இப்போது மூன்றுதான் மிச்சம். ‘இதற்கு எந்தத் தரவை வைத்துப் பதில் சொல்வாய்?’ என்று ஒருவர் கேட்டிருந்தார், அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது. ‘புரிந்துகொள்ளுதல்’, ‘ஆராய்தல்’ என்று முடிந்தவை எல்லாம் அங்கேயே விழுந்துவிட்டன, ‘அளவிடுதல்’, ‘ஒப்பிடுதல்’ நின்றன.

கருதுகோள்தான், அதாவது தரவை வைத்துச் சோதிக்கப் போகும் ஊகம்தான், இழுத்தடித்தது. ‘கைபேசி தூக்கத்தைக் கெடுக்கும்’ என்பதைச் சோதிக்கவே முடியாது, எவ்வளவு கைபேசி, எந்தத் தூக்கம்? இப்போதைய வடிவம்: படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் திரை பார்க்கும் நிமிடங்கள் கூடக்கூட, அன்றிரவு தூங்கும் நேரம் குறைந்திருக்கும். இதற்கு எதிராக வைத்துச் சோதிக்கும் இன்மைக் கருதுகோள், இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்பது. ‘கெடுக்கும்’ போய்விட்டதைக் கவனியுங்கள். இது வெறும் கணக்கெடுப்பு, தூக்கம் வராமல் கைபேசியை எடுப்பவர்களும் உண்டே, காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

அப்புறம், எல்லா நோக்கத்துக்கும் கருதுகோள் வேண்டுமா என்று சிலர் கேட்டீர்கள். வேண்டாம். சராசரியாக எவ்வளவு நேரம் தூங்குகிறார்கள் என்று விவரிக்கும் நோக்கத்துக்கு எதற்கு?

முடிவைப் பார்த்துவிட்டுக் கருதுகோளை மாற்றி, முதலிலேயே அதைத்தான் நினைத்ததாகக் காட்டும் ஆசை யாருக்கும் வரும் (உளவியலாளர் நார்பர்ட் கெர் 1998-இல் இப்படிச் செய்வதற்கு ‘ஹார்க்கிங்’ என்றே பெயர் வைத்தார்). அதனால் கருதுகோளை இப்போதே தேதி போட்டு ஆய்வு வழிகாட்டிக்கு அனுப்பியாகிவிட்டது. இனி கணக்கெடுப்புக்கான வினாப்பட்டியல் வேலை.