புதுப்பிப்பு: திருகோணமலை உப்புவெளியில் அந்திநேர ட்ரோன் படம் சரியாக வந்தது

கடற்கரைத் திருமண மண்டபத்தை அந்தியில் கடல் பக்கமிருந்து ட்ரோனில் எடுத்தால், வானம் வெளிறுகிறது அல்லது மண்டபம் கறுத்துவிடுகிறது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் உதவவில்லை. அது வானத்தையும் மண்டபத்தையும் ஒரே அளவில் இருட்டாக்குவதால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு அப்படியே இருந்தது. பயன் தந்தது, சூரியன் மறைந்தபின் எடுக்கச் சொல்லிப் பதில் தந்த அண்ணர் ஒருவரின் யோசனைதான். திருகோணமலையில் சூரியன் நிலப்பக்கமாக, அதாவது மண்டபத்தின் பின்னால் இறங்குவதால், மறைந்தபின் 15 நிமிடம் பொறுத்து, விளக்குகள் எல்லாவற்றையும் ஏற்றச் செய்து, வெவ்வேறு ஒளியளவில் 5 படங்களை எடுத்து இணைத்தபோது, செவ்வானமும் வாசல் வாழைமரங்களும் ஒன்றாகத் தெளிந்து நின்றன. அவ்வளவு அழகை நான் எதிர்பார்க்கவில்லை. நமது பகுதியில் அந்தி விரைவாக இருண்டுவிடும், தாமதிக்காதீர்கள்.

கடற்படைத் தளமும் சீனக்குடா விமானப்படைத் தளமும் இவ்வூரில் இருப்பதால், சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதியை முன்கூட்டியே பெற்றிருந்தேன்.

எதிர்பாராதது கச்சான் எனும் தென்மேற்குக் காற்று. அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், இலகுவாகப் போன ட்ரோன் திரும்பும்போது எதிர்க்காற்றில் பற்றரியை இருமடங்கு வேகத்தில் தீர்த்தது. இப்போது பாதி மீதமிருக்கும்போதே கரைக்குத் திருப்பிவிடுகிறேன்.